மாலிக்யூல் மாடல் கிட்: ஒரு வருஷம் டியூஷன்ல வச்சு பாத்துட்டு எழுதறேன்

நான் கோபிசெட்டிபாளையத்துல வீட்லயே ஒன்பதாவது பத்தாவது பசங்களுக்கு சாயங்காலம் சயின்ஸ் டியூஷன் எடுக்கறேன். போன வருஷம் ஜூன்ல ஆன்லைன்ல ஒரு மாலிக்யூல் மாடல் கிட் வாங்கினேன், அதான் கலர் கலரா பிளாஸ்டிக் உருண்டையும் அதை கோக்கறதுக்கு குச்சியும் வருமே அது. 640 ரூபா. ஒரு வாரம் யூஸ் பண்ணிட்டு அடுத்த மாசமே இன்னொரு செட்டும் வாங்கிட்டேன். வாங்கலாமான்னு கேட்டா கண்டிப்பா வாங்குங்க, முடிஞ்சா ரெண்டு செட்டா வாங்குங்க, ஏன் ரெண்டுன்னு கீழ வரும்.

பாக்ஸ்ல என்ன இருக்குன்னா கருப்பு உருண்டை கார்பன் 12, வெள்ளை ஹைட்ரஜன் 20, சிவப்பு ஆக்சிஜன் 6, நீலம் நைட்ரஜன் 4, பச்சை குளோரின் 4, மஞ்சள் சல்ஃபர் 2. அப்புறம் கெட்டியான சின்ன குச்சி நிறைய, வளையற நீள குச்சி 12 (ரெண்டு உருண்டைக்கு நடுவுல ரெண்டு குச்சி போடணும்னா இதுதான்), குச்சிய புடுங்கறதுக்கு ஒரு பிளாஸ்டிக் கவை. ஒவ்வொரு உருண்டையிலயும் ஓட்டை இருக்கும், கார்பனுக்கு நாலு, ஆக்சிஜனுக்கு ரெண்டு, ஹைட்ரஜனுக்கு ஒண்ணு. அந்த ஓட்டை எண்ணிக்கைதான் புக்ல இணைதிறன்னு போட்டிருக்கறது. வேலன்ஸின்னு இங்கிலீஷ் மீடியம் பசங்க மனப்பாடம் பண்ணிட்டு வர்றதும் அதேதான், ஆனா அது என்னன்னு கேட்டா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க. இப்ப உருண்டைய கையில குடுத்தா விரல விட்டு ஓட்டைய எண்ணி சொல்றாங்க.

நான் இதை வாங்கினதுக்கு காரணமே சமன்பாட்டை சமன் செய்யறதுதான். பத்தாவது பரிட்சைக்கு போற பசங்க கூட ஹைட்ரஜன் பிளஸ் ஆக்சிஜன் தண்ணின்னு எழுதிட்டு, இடது பக்கம் ஆக்சிஜன் ரெண்டு இருக்கு வலது பக்கம் ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்ச உடனே எச் டூ ஓ-வை எச் டூ ஓ டூன்னு மாத்தி வச்சிருவாங்க, கணக்கு சரியா போச்சுல்ல மிஸ் அப்படிம்பாங்க. கீழ போடற சின்ன நம்பர தொடக்கூடாது, முன்னாடி தான் நம்பர் போடணும்னு நான் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஏன் தொடக்கூடாதுன்னு அவங்களுக்கு புரியாம வெறும் ரூலா சொன்னா அது நிக்காது, அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல.

முதல் நாள் கிட்டை பிரிச்சு வச்சு, ரெண்டு சிவப்பு ரெண்டு வெள்ளைய குடுத்து ஒரு ஓட்டை கூட காலியா இருக்கக்கூடாது ஏதாவது செஞ்சு காட்டுங்கன்னு மட்டும் சொன்னேன். ஒரு பையன் ஒரு சிவப்புல ரெண்டு வெள்ளைய மாட்டி தண்ணி பண்ணிட்டான், மிச்சம் ஒரு சிவப்பு தனியா கிடந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு ரெண்டு சிவப்பையும் ஒண்ணோட ஒண்ணு கோத்து ரெண்டு முனையிலயும் வெள்ளைய வச்சுது. "மிஸ், ஓட்டையே மிச்சம் இல்லீங்க." பாத்தா அது ஹைட்ரஜன் பெராக்சைடு. நான் உள்ள போய் ஃபர்ஸ்ட் எய்டு டப்பால இருந்து புண்ணு கழுவற பாட்டில எடுத்துட்டு வந்து ஒரு டம்ளர் தண்ணிக்கு பக்கத்துல வச்சேன், நீ செஞ்சது இதுக்குள்ள இருக்கறது, அவன் செஞ்சது நாம குடிக்கறது, ஒரே ஒரு ஆக்சிஜன் தான் வித்தியாசம்னு சொன்னேன். அதோட சரி, கீழ இருக்கற நம்பர மாத்தினா பொருளே மாறிப் போயிரும்னு அந்த பேட்ச்ல யாருக்கும் நான் திரும்ப சொல்ல வேண்டி வரல. தண்ணி இன்னும் ஒண்ணு வேணும்னா இன்னும் ரெண்டு வெள்ளை கேட்டு வாங்கிட்டு போனாங்க, முன்னாடி நம்பர் போடறதுன்னா அதுதான்.

அடுத்து எரியறதுக்கு வந்தோம், இங்கதான் ரெண்டு செட் வேணும்னு தெரிஞ்சுது. நம்ம சமையல் சிலிண்டர்ல இருக்கறது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேனுக்கு கார்பன் 3, ஹைட்ரஜன் 8. அதை முழுசா எரிக்கணும்னா ஆக்சிஜன் ஜோடி 5 வேணும், அதாவது சிவப்பு உருண்டை 10, கிட்ல இருக்கறது ஆறே ஆறு. ரெண்டு செட்டையும் கொட்டி கலந்துட்டு தரையில உக்காந்து புரோப்பேன ஒரு டீம் பிரிக்க, ஆக்சிஜன இன்னொரு டீம் பிரிக்க, எல்லாத்தையும் திரும்ப கோத்தா கார்பன் டை ஆக்சைடு 3, தண்ணி 4, ஒரு உருண்டை கூட மிச்சமும் இல்ல பத்தாமலும் போகல. கிச்சன் தராசுல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் முடிச்ச பின்னாடியும் குச்சியோட சேத்து எடை போட்டோம், ரெண்டு தடவையும் அதே எடை. லவாய்சியேன்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானிய பாரிஸ்ல கில்லட்டின்ல வெட்டினாங்கன்னு கதையா மட்டும் ஞாபகம் வச்சிருந்த பசங்க அவர் எதை காட்டினாருன்னு அன்னிக்குதான் கேட்டாங்க, இதைத்தான், பொருள் மாறினாலும் மொத்த எடை மாறாதுன்னு.

அப்புறம் நிஜ எடைக்கு போனோம். புரோப்பேன் 44 கிராம் எரிஞ்சா ஆக்சிஜன் 160 கிராம் சேந்துக்கும், வர்றது கார்பன் டை ஆக்சைடு 132, தண்ணி 72. கூட்டி பாருங்க ரெண்டு பக்கமும் 204. இதுல 44-க்கு 132ன்னா சரியா மூணு மடங்கு, பியூட்டேனுக்கும் கிட்டத்தட்ட அதேதான். அப்ப 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு தீந்து போச்சுன்னா வெளிய போயிருக்கற கார்பன் டை ஆக்சைடு மட்டும் 42 கிலோவுக்கு மேல. பசங்க நம்பவே இல்ல, 14 கிலோ எப்படி மிஸ் 42 ஆகும் அப்படின்னு ஒரே சத்தம், மிச்சம் எங்க இருந்து வந்துச்சுன்னு தரையில பாருங்கன்னேன், சிவப்பு உருண்டையெல்லாம் காத்துல இருந்து வந்தது. ஒரு பையன் எந்திரிச்சு போய் அடுப்படி ஜன்னல பாத்துட்டு வந்தான். அதுக்காகவே இந்த கிட்டுக்கு 640 ரூபா குடுக்கலாம்.

ஐசோமருக்கும், அதாவது அதே அணுக்கள வேற மாதிரி கோத்தா வர்ற வேற பொருளுக்கும், நல்லா உதவுது. கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்சிஜன் 1 குடுத்து செய்ய சொன்னா பாதி பேர் ஆக்சிஜன ஓரத்துல வைப்பாங்க, பாதி பேர் ரெண்டு கார்பனுக்கு நடுவுல வைப்பாங்க, யாரு சரின்னு சண்டை வரும், ரெண்டும் சரி. ஓரத்துல வச்சா எத்தனால், சானிட்டைசர்ல இருக்கறது, 78 டிகிரில கொதிக்கும். நடுவுல வச்சா டைமெத்தில் ஈதர், அது மைனஸ் 24 டிகிரிலயே கொதிச்சிரும், அதனால சாதாரணமா கேஸாதான் இருக்கும். அணு எல்லாம் அதேதான், எது எதோட ஒட்டிக்குதுங்கறது மட்டும்தான் மாறுது. இது ப்ளஸ் ஒன்ல விரிவா வர்ற பாடம், ஒன்பதாவது பசங்களுக்கே புரிஞ்சுது.

சரி, குறை. கிட்டு எங்க பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுட்டு பசங்க கையில குடுக்கறது நல்லது.

பெரிய விஷயம் எனர்ஜி. இந்த குச்சிய புடுங்கறதுக்கு பலம் வேணும், அது சரி, நிஜத்துலயும் பிணைப்பு உடைய எனர்ஜி குடுத்தே ஆகணும், கேஸ திறந்தா மட்டும் பத்திக்காம லைட்டர் வேண்டியிருக்கறது அதனாலதான். ஆனா கிட்ல கோக்கறதுக்கும் அழுத்த வேண்டியிருக்கு, நிஜத்துல அணு சேரும்போது எனர்ஜி வெளிய வரும், உடைக்க குடுத்தத விட சேரும்போது வர்றது அதிகமா இருக்கறதாலதான் அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கு. கிட்டை வச்சே இதை சொன்னா பசங்க தலைகீழா புரிஞ்சுக்கறாங்க, எனக்கு அனுபவம். நான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டற ரெண்டு மேக்னட்ட குடுத்துட்டேன், கிட்ட கொண்டு போனா டக்குனு தானா ஒட்டும், பிரிக்கத்தான் இழுக்கணும். அதை பாத்ததும் தெளிவாயிருச்சு.

அடுத்து, ஓட்டை எல்லாம் நிரம்பிட்டா எது வேணா சரின்னு ஆயிராது. மூணு சிவப்ப வளைய குச்சில கோத்து முக்கோணம் பண்ணிட்டு ஓசோன்னு கொண்டு வந்தாங்க, ஓசோன் முக்கோண வளையம் கிடையாது, நடுவுல மடங்கின மாதிரி திறந்துதான் இருக்கும். கார்பன் மோனாக்சைட இந்த கிட்ல செய்யவே முடியாது, கார்பன்ல ரெண்டு ஓட்டை காலியாவே நிக்கும், ஆனா மூடின பாத்ரூம்ல கேஸ் கீசர் வச்சு உயிர் போறது அந்த வாயுவாலதான். உப்பும் அப்படிதான். சோடியம் ஒண்ணு குளோரின் ஒண்ணுன்னு ஜோடியா எங்கயும் திரியறது இல்ல, உப்புக் கல்லுக்குள்ள ஒவ்வொரு சோடியத்த சுத்தியும் ஆறு குளோரின் இருக்கும். அதுக்கு கருப்பு திராட்சை பச்சை திராட்சை பல்குத்தற குச்சி வச்சு கட்டிக்கிட்டோம், முடிச்சுட்டு சாப்பிட்டாச்சு.

எடையும் நம்பாதீங்க. வெள்ளை உருண்டை கருப்புல பாதிக்கு மேல வெயிட் இருக்கு, நிஜத்துல கார்பன் ஹைட்ரஜன மாதிரி 12 மடங்கு, ஆக்சிஜன் 16 மடங்கு. அளவையும் ஒரு தடவை சொல்லி குடுங்க, கைல இருக்கற இந்த ஒரு தண்ணி மாடலு மாதிரி 18 மில்லி தண்ணில, அதாவது மூணு நாலு டீஸ்பூன்ல, 6 போட்டு பின்னாடி 23 பூஜ்யம் போட்டா வர்ற அளவுக்கு இருக்கு.

கலரும் அடையாளத்துக்கு மட்டும்தான், அணுவுக்கு கலர் கிடையாது. இந்த கலர் 1865லயே வந்துருச்சு, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல ஹாஃப்மன்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட் குரோக்கேங்கற விளையாட்டுக்கு வச்சிருக்கற மரப்பந்துல பெயிண்ட் அடிச்சு கார்பன் கருப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம்னு வச்சு லெக்சர் பண்ணினார். ஆனா அவர் மாடல் எல்லாம் தட்டையா இருக்கும். கார்பனோட நாலு கையும் நாலு பக்கமும் விரிஞ்சு நிக்கும்னு வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியா சொன்னது 1874ல. போர்டுல மீத்தேன கூட்டல் குறி மாதிரி வரைஞ்சே பழகின பசங்க கையில எடுத்து திருப்பி திருப்பி பாக்கும்போது அந்த வித்தியாசம் தெரியுது, மூணு கால் ஸ்டூல் மாதிரி எப்படி வச்சாலும் நிக்குது.

தரம் பத்தி சொல்லணும்னா உருண்டை நல்லா கெட்டி, ஒரு வருஷத்துல ஒண்ணு கூட உடையல. குச்சிதான் பிரச்சனை, புதுசுல ரொம்ப டைட்டா இருக்கு, பசங்க பல்லால இழுத்து ரெண்டு போச்சு, கவைய யூஸ் பண்ண முதல் நாளே பழக்கி விடுங்க. ரெண்டாவது செட்ல வளையற குச்சி 12க்கு 8தான் வந்துச்சு, கம்ப்ளெயிண்ட் போட்டு மாத்தி வர்றதுக்கு ஒன்பது நாள் ஆச்சு. கூட வர்ற புக் முழுக்க இங்கிலீஷ், எழுத்து எறும்பு சைஸ், தமிழ் மீடியம் பசங்களுக்கு அது உதவவே உதவாது, நானே ஒரு பக்கம் தமிழ்ல எழுதி ஜெராக்ஸ் போட்டு வச்சிருக்கேன். டப்பா மூடி ரெண்டாவது மாசமே கிழிஞ்சிருச்சு, இப்ப எல்லாம் ஐஸ்கிரீம் டப்பால இருக்கு. வீட்ல சின்ன குழந்தை இருந்தா ஜாக்கிரதை, வெள்ளை உருண்டை தொண்டைல சிக்கற சைஸ்.

வாங்கறவங்க மொத்தம் எத்தனை பீஸ்னு பாக்காதீங்க, 200 பீஸ்னு போட்டிருப்பாங்க பாதி குச்சியாதான் இருக்கும். சிவப்பு எத்தனை, வளையற குச்சி எத்தனைன்னு பாருங்க. சிவப்பு பத்தும் வளையற குச்சி பன்னெண்டும் ஒரே பாக்ஸ்ல வந்தா ஒரு செட்டே போதும், சிலிண்டர் கணக்க பசங்களோட உக்காந்து செஞ்சு பாத்துரலாம்.