சரிவு மனையை மென்பொருளில் வரைதல்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் மனை தட்டையாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. சுவரும் கதவும் கூரையும் நொடியில் வந்துவிடும். நிலம் மட்டும் ஒரு பச்சைத் தாளாகக் கீழே கிடக்கும். மனை 2 மீட்டர் இறங்கினாலே போதும், வேலையின் பாதி நேரம் அந்தப் பச்சைத் தாளுக்குப் போய்விடும். சில ஆண்டுகளாகச் சரிவு மனைகளுக்கே அதிகம் வரைந்துவருகிறேன். ஸ்கெட்ச்அப், சீஃப் ஆர்கிடெக்ட், ஸ்வீட் ஹோம் 3டி ஆகியவை நன்றாகப் பழகியவை. ரெவிட் தேவைப்படும்போது மட்டும்.

உயர அளவுகளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இணையத்திலிருந்து நிலத்தை அப்படியே இறக்கும் வசதி கவர்ச்சியானது. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய உயரத் தரவுகளில் பெயர்பெற்ற எஸ்ஆர்டிஎம், 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். ஒரு வீட்டு மனை முழுவதும் ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். சன்னலிலிருந்து எதிர்மலை எப்படித் தெரியும் என்று பார்க்க அது போதும்; அஸ்திவார மட்டம் முடிவுசெய்ய உதவாது. அதற்கு டோட்டல் ஸ்டேஷனோ, ஆட்டோ லெவலோ (நில அளவைக் கருவிகள்) வைத்து மனையிலேயே எடுத்த அளவு வேண்டும்.

அளவு எடுப்பவரிடம் நான் தவறாமல் கேட்பது, சீரான கட்டம் போட்டு எடுப்பதோடு நிறுத்தாமல், சரிவு மாறும் இடங்களிலும் புள்ளி எடுக்கச் சொல்வது. மண்கரையின் மேல் விளிம்பு, அதன் அடி, ஓடையின் நடு, பாறையின் ஓரம். மென்பொருள் செய்வதெல்லாம் புள்ளிகளை முக்கோணங்களாக இணைப்பதுதான். சமவுயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மட்டும் கொடுத்தால், மேட்டு முகட்டிலும் பள்ளத்தின் நடுவிலும் ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு முக்கோணமாகிவிடும். மூன்றும் ஒரே உயரம் என்பதால் அந்த இடம் மேசை போலத் தட்டையாகிவிடும். முகட்டுக் கோட்டிலும் பள்ளக் கோட்டிலும் சில தனிப்புள்ளிகள் சேர்த்தால் சரியாகிவிடும். ஸ்கெட்ச்அப்பில் ‘ஃபிளிப் எட்ஜ்’ கருவியால் முக்கோணத்தின் விளிம்பைத் திருப்பலாம். சீஃப் ஆர்கிடெக்ட்டில் சரிவு மாறும் இடத்தைக் காட்டும் ‘டெரெய்ன் பிரேக்’ கோடு போடலாம்.

அப்புறம் பூஜ்யம். சர்வே தாளில் பெஞ்ச்மார்க் (மற்ற உயரங்களை ஒப்பிடும் நிலைப்புள்ளி) 100.000 என்றிருக்கும், மென்பொருளில் தரைத்தளம் 0. நான் தரைத்தள மட்டத்தை 0 என்று வைத்து, எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவேன். சரிவைக் கேட்கும் பெட்டியில் சதவீதமா, டிகிரியா என்றும் பார்த்துவிட வேண்டும்: 20 சதவீதம் என்பது 11.3 டிகிரி, 20 டிகிரி என்பது 36 சதவீதம்.

வீட்டை நிலத்தில் இருத்தும்போதுதான் கருவிகளின் குணம் தெரிகிறது. சீஃப் ஆர்கிடெக்ட் வீட்டின் அடியில் தானே ஒரு தளமேடையைச் சமன்செய்யும், உயரத்தையும் தானே கணிக்கும். தட்டை மனைக்கு அது வசதி. சரிவில் அந்தத் தானியங்கிக் கணக்கை அணைத்துவிட்டு உயரத்தை நாமே கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் படிக்கட்டு இறங்கும் மட்டம் நம் கையில் இருக்காது. ஸ்கெட்ச்அப்பின் ‘ஸ்டாம்ப்’ வீட்டின் அடித்தடத்தை நிலத்தில் பதித்து, சுற்றிலும் நாம் கொடுக்கும் இடைவெளியில் (ஆஃப்செட்) கரையை இயல்பு நிலத்தோடு சேர்க்கும். அந்த ஆஃப்செட்டை அலங்கார எண்ணாக நினைக்கவே கூடாது. வெட்டு 2 மீட்டர், ஆஃப்செட் 3 மீட்டர் என்றால் கரை ஏறக்குறைய 34 டிகிரி. அதையே 1 மீட்டராக வைத்தால் 63 டிகிரி. தளர்ந்த மண் அப்படி நிற்காது, தாங்கு சுவர் வேண்டும்.

அந்தத் தாங்கு சுவரில்தான் அடுத்த சிக்கல். முக்கோணங்களை இணைத்துச் செய்யும் இந்த வகை நிலப்பரப்பில் ஓர் இடத்துக்கு ஓர் உயரம்தான் உண்டு. செங்குத்தாக எழும் மண்முகத்தை அதனால் காட்ட முடியாது. சுவரின் தடிமனுக்குள் மேல்மட்டத்துக்கு ஒரு கோடு, கீழ்மட்டத்துக்கு ஒரு கோடு என இரண்டு வரைந்தால், நடுவில் வரும் ஏறக்குறையச் செங்குத்தான சரிவைச் சுவரே மறைத்துக்கொள்ளும். எல்லா மென்பொருளிலும் இந்த வழி எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

ரெவிட்டின் 2024 பதிப்பில் ‘டோப்போசாலிட்’ என்ற நிலக் கருவி வந்தபின் நிலத்துக்குத் தடிமன் கிடைத்திருக்கிறது, குடைந்து வெட்டலாம். ஆனால் வீட்டுக்காரர் தானே வரைந்து பார்க்க ரெவிட் தேவைக்கு மீறிய பெரிய கருவி. ஸ்வீட் ஹோம் 3டியின் அடிப்படைத் தரை தட்டைதான். வேறொன்றில் செய்த நிலத்தை ஓபிஜே (முப்பரிமாண வடிவக்) கோப்பாக இறக்கி வைக்கலாம். உள்ளறை அமைப்புக்கு அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன், சரிவுக்கு இல்லை.

எதில் வரைந்தாலும் வண்ணப் படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள், வெட்டுப்படம் எடுங்கள். மேல்சரிவுப் பக்கத்துச் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மழைநீர் நேராக வீட்டை நோக்கி வருவது தெரியும். சுவரை ஒட்டிய முதல் 10 அடியில் தரை 6 அங்குலமாவது வெளிப்பக்கம் இறங்க வேண்டும் என்று பன்னாட்டுக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. மென்பொருள் சமன்செய்த தளமேடையில் இந்த இறக்கம் தானாக வராது. மேல்பக்கம் ஒரு வாய்க்கால் கோட்டை, இரு ஓரங்களுக்கும் இறங்கும்படி, கையால்தான் போட வேண்டும். நான் தாங்கு சுவருக்கும் முன்பே அந்தக் கோட்டைப் போட்டுவிடுகிறேன். நீர் போகும் வழிக்கு இடம் ஒதுக்கியபின் வீட்டை அரை மீட்டர் கீழ்ச்சரிவுக்கு நகர்த்த வேண்டியிருந்தால், படத்தில் இருக்கும்போதே நகர்த்திவிடலாம்.