குதிரையை ஜீரணப் பொடி தின்ன வைப்பது: வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அனுபவம்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரெண்டு குதிரை நிற்கின்றன. ஒன்று அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பிடித்து வந்த கத்தியவாரி (குஜராத் பக்கத்து இனம்), செவலைப் பெண் குதிரை. இன்னொன்று வண்டியில் ஓடி ஓய்ந்த மட்டக்குதிரை, வயசானது. ரெண்டுக்கும் வயிற்றுக்கென்று ஈஸ்ட் பொடி, இசப்கோல் உமி, டப்பாவில் வரும் ஜீரணப் பெல்லட், அல்சர் பேஸ்ட் என்று எல்லாமே நீண்ட நாளாகக் கொடுத்து வருகிறேன். எந்தப் பொடி நல்லது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் வாங்கி வந்த பொடியைக் குதிரை தின்னவில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்ல ஆளே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாடு வளர்த்த கை நமக்கு. மாட்டுக்குத் தவிட்டில் எதைக் கலந்து வைத்தாலும் ஒரே இழுப்பில் உள்ளே போய்விடும். குதிரை அப்படி இல்லை. போசியை (தீனி வைக்கும் பாத்திரத்தை) வைத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள். செவலை முதலில் மூக்கை வைத்து ஒரு ஊது ஊதும், மேலாகக் கிடக்கும் பொடி பறக்கும். அப்புறம் மேலுதட்டை விரல் மாதிரி நீட்டித் தவிட்டைக் கிளறி, அதிலுள்ள கொள்ளுப் பயறை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும். கடைசியில் பார்த்தால் போசிக்கு அடியில் நாம் கொடுத்த மருந்து அப்படியே ஈரப்பசையாக ஒட்டிக்கிடக்கும். தின்றுவிட்டது என்று நினைத்து வாரக்கணக்கில் டப்பாவைக் காலி செய்து, பிறகு "இந்தப் பொடி வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்கள் முதலில் போசியின் அடியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் குதிரை வண்டி ஓட்டிய பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். அவர் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு நாக்கு ரெண்டாவதுங்க தம்பி, மூக்குதான் மொதல்ல. நீங்க டப்பாவத் தொறந்த கையோட தண்ணி காட்டப் போனாக்கூடக் கண்டுபுடிச்சுக்கும்." "அப்ப என்னதானுங்க பண்றது?" என்று கேட்டதற்கு, "மொதல்ல மருந்தே இல்லாமக் குடுங்க, சாமி" என்றார். இதுவரை நான் கேட்ட யோசனைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அதாவது, மருந்தை எதில் கலக்கப்போகிறோமோ அதை முதலில் தனியாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். புதுத் தவிடு, புது மணம், புதுப் பொடி மூன்றும் ஒரே நாளில் வந்தால் குதிரை மூன்றையும் சேர்த்து ஒதுக்கிவிடும், அதற்குப் பிறகு அந்தத் தவிட்டைச் சும்மா வைத்தால்கூடச் சந்தேகமாகத்தான் பார்க்கும். நான் செய்வது இதுதான். கோதுமைத் தவிடு, ஊறவைத்த கொள்ளு கொஞ்சம், நறுக்கிய குதிரைமசால் (லூசர்ன் என்கிற பச்சைத் தீவனம்) ஒரு கை, அதோடு வெந்தயப் பொடி ஒரு ஸ்பூன். இதை மருந்தே இல்லாமல் நாலைந்து நாள், போசியை நக்கி வைக்கும் வரைக்கும் கொடுக்க வேண்டும். அப்புறம் மருந்தில் ஒரு சிட்டிகை. ரெண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ரெண்டு வாரத்தில் முழு அளவுக்கு வரலாம். நடுவில் எந்த நாளில் முகத்தைத் திருப்புகிறதோ அதற்கு முந்தின நாள் அளவுக்கு இறங்கி அங்கேயே சில நாள் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

வெந்தயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 2005-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் லாயத்துக் குதிரைகளுக்குத் தீவனத்தில் விதவிதமான மணங்களைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் குதிரைகள் அதிகம் விரும்பியது வெந்தயம், அதற்கு அடுத்து வாழைப்பழம், பட்டியலில் சீரகமும் கேரட்டும்கூட வந்தன. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அஞ்சறைப் பெட்டியில் இருப்பதற்கு வெளிநாட்டு ஃபிளேவர் டப்பா எதற்கு? வெந்தயத்தை லேசாக வறுத்துப் பொடித்தால் வாசம் நன்றாகத் தூக்குகிறது, ஈஸ்ட்டின் புளிச்ச வாடையை அது மூடிவிடும். மட்டக்குதிரைக்கு வாழைப்பழம்தான். சத்தியமங்கலம், கோபி பக்கத்திலிருந்து வரும் பழத்தில் கனிந்து கறுத்ததை வாங்கித் தோலோடு பிசைந்து, பொடியை அதற்குள் வைத்து உருட்டிக் கொடுத்தால் சத்தமில்லாமல் போய்விடுகிறது.

வெல்லத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு கை போட்டால் எதையும் தின்னும், உண்மைதான். ஆனால் தினசரி இனிப்பு குதிரைக்கு ஆகாது. மாவும் சர்க்கரையும் அதிகமாகிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் நிலைதடுமாறிப் புளித்து, குளம்புக்குள் வீக்கம் கண்டு, லாமினைட்டிஸ் என்கிற நோய் வரைக்கும் போகும். வயிற்றுக்காக மருந்து கொடுத்துவிட்டு வயிற்றைக் கெடுப்பது எந்த விதத்தில் நியாயம்? பழக்குகிற முதல் வாரத்தில் மட்டும் ஒரு சின்ன உருண்டை, அப்புறம் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்பது என் முடிவு. கொழுத்த குதிரைக்கு அதுவும் வேண்டாம்.

பொடி அடியில் தங்காமல் இருக்க எண்ணெய். காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றித் தவிட்டைப் பிசிறி, அதற்குப் பிறகு பொடியைத் தூவிக் கிளறினால் ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டிக்கொள்கிறது, உதட்டால் பிரிக்க முடிவதில்லை. எண்ணெய் காறல் வாடை அடித்தால் அவ்வளவுதான், போசியையே தள்ளிவிடும். சித்திரை வெயிலில் சிமெண்ட் ஓட்டுச் சாளைக்குள் எண்ணெய் கேனையும் மருந்து டப்பாவையும் வைக்காதீர்கள்.

இதில் ஈஸ்ட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது உயிருள்ள பொருள். கொள்ளை வேகவைத்துச் சுடச்சுட அதில் ஈஸ்ட்டைப் போட்டால் செத்துப்போகும், அப்புறம் வெறும் மாவுதான். கையை வைத்துப் பார்த்து நன்றாக ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும். ஈஸ்ட்டினால் என்ன பலன் கண்டேன் என்றால், செவலையின் லத்தி உருண்டை உருண்டையாக ஒரே மாதிரி விழ ஆரம்பித்தது, தீவனம் மாற்றும் நாட்களில் வரும் இளக்கம் குறைந்தது. அதற்கு மேல் பெரிய அதிசயம் ஒன்றும் நான் பார்க்கவில்லை.

இசப்கோல் கதை வேறு. குஜராத்தில் விளைந்து வருகிற அதே உமிதான், மருந்துக்கடையில் நமக்கு விற்பதுதான். அமராவதிக் கரையை ஒட்டிய மணல் நிலத்தில் சோளத்தட்டைத் தரையில் போட்டுத் தீனி வைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தட்டோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கி வயிற்றுவலியைக் கொண்டுவரும். தரையில் படாத லத்தியாக ஒரு கை எடுத்து, பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கிச் சித்த நேரம் வைத்தால் அடியில் மணல் படிவது கண்ணுக்குத் தெரியும். கால்நடை டாக்டர் சொல்லி மாதத்தில் ஒரு வாரம் இசப்கோல் கொடுக்கிறேன். தினமும் கொடுத்தால் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கப் பழகிவிடும், அப்புறம் மணலைத் தள்ளுவதற்கு அது மிஞ்சாது என்றார். தின்ன வைப்பதில் இதுதான் கடினம். கனம் இல்லாத பொருள், தேவையான அளவு எடுத்தால் போசி நிறைய வரும், தண்ணீர் பட்ட சில நிமிடத்தில் வழவழவென்று கூழாகிவிடும், அந்தக் கூழைக் குதிரை தொடாது. ஆகவே முன்கூட்டியே ஊறவைக்கக் கூடாது. எண்ணெய் போட்டுப் பிசிறிய தவிட்டில் உலர்ந்தபடியே கலந்து, குதிரை நிற்கும்போதே வைத்து, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்துவிட வேண்டும். ஒரே வேளையில் கொட்டாமல் ரெண்டாகப் பிரித்தால் இன்னும் சுலபம்.

அளவு விஷயத்தில் ஒன்று. வெளிநாட்டு டப்பாக்களில் போட்டிருக்கும் ஸ்கூப் (அளவுக் கரண்டி) கணக்கு பெரும்பாலும் 500 கிலோ குதிரைக்கு. நம் கத்தியவாரி அவ்வளவு எடை வராது. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ எடை வந்துவிடும். சுற்றளவு 155, நீளம் 150 என்றால் சுமார் 303 கிலோ. அப்படியென்றால் முழு ஸ்கூப் எதற்கு? டாக்டரிடம் இந்த எடையைச் சொல்லி அளவைக் கேட்டுக் கொடுத்தாலே பாதிக் குதிரைகள் முரண்டு பிடிக்காமல் தின்னும்.

ஜீரணப் பெல்லட் வாங்கியதும் உண்டு. தின்பதில் அதற்கு நிகரில்லை, கையில் நீட்டினாலே எடுத்துக்கொள்ளும். ஆனால் லேபிளைப் படித்தால் பெரும்பகுதி தவிடும் மொலாசஸும் (கரும்புச் சர்க்கரைப் பாகு), அதற்கு அந்த விலையைத் தொடர்ந்து கொடுக்க எனக்கு மனசில்லை. ஒரு குதிரை மட்டும் வைத்திருந்து, கலக்க நேரமில்லாதவர்கள் வாங்கலாம்.

பேஸ்ட்டை வாயில்தான் கொடுத்தாக வேண்டும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் சாதாரண நாட்களில் வாழைப்பழக் கூழை அடைத்துக் கொடுத்து வந்தால், மருந்து நாளிலும் சிரிஞ்சைப் பார்த்ததும் தலையைத் தூக்காது. கடைவாய் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது, அதன் வழியாக நாக்கின் மேல் தள்ள வேண்டும், வாயில் தீனி இருக்கக் கூடாது, தலையை மேலே தூக்கிப் பிடிக்கக் கூடாது. மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி மூங்கில் கொட்டத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கஷ்டம்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று நம் பக்கத்துக்கென்றே உண்டு. பல்லடம், நாமக்கல் என்று எங்கு பார்த்தாலும் கோழிப்பண்ணை, கோழித் தீவன மூட்டை சுலபமாகக் கிடைக்கும். ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கக் கறிக்கோழித் தீவனத்தில் மொனென்சின், சலினோமைசின் மாதிரி மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. கோழிக்கு ஒன்றும் ஆகாது. குதிரைக்கு அது இதயத் தசையைத் தின்றுவிடும். மொனென்சின் குதிரையின் ஒரு கிலோ உடல் எடைக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகும். அதனால் கோழிக்கு வாங்கிய ஜீரண மருந்தையோ, கோழித் தீவனம் இருந்த சாக்கில் கொட்டி வைத்த தவிட்டையோ தயவுசெய்து குதிரைக்கு வைக்காதீர்கள். மாட்டுத் தீவனம் என்றாலும் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வையுங்கள். பூண்டும் அப்படித்தான், வாயுவுக்கு நல்லது என்று தினமும் கை நிறையக் கொடுத்தால் ரத்தச் சிவப்பணு உடைந்து சோகை பிடிக்கும்.

சரி, இத்தனை பொடியும் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தட்டும் புல்லும்தான். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும், அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் அதைத் தணிக்கும் உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு நடுவில் வெறும் வயிற்றோடு கட்டிப்போட்டால், அமிலம் அரித்து இரைப்பை புண்ணாகும், எந்த டப்பாவும் அந்தப் புண்ணை ஆற்றாது. கொறங்காட்டில் (மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) வளரும் கொழுக்கட்டைப் புல்லும், கோ-4 என்கிற ஒட்டுத் தீவனப் புல்லும் நல்ல தீனி, ஆனால் அவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதையே வருடம் முழுக்க வைத்தால் குதிரையின் முகத்து எலும்பே வீங்கிவிடும். கூடக் குதிரைமசால் போட்டால் சுண்ணாம்பும் கிடைக்கும், வயிற்றின் அமிலத்தையும் அது தணிக்கும். சவாரிக்கு முன் ஒரு கை மசால் தின்ன விடுவது எங்கள் வீட்டில் இப்போது பழக்கமாகிவிட்டது.

நேற்று வரை தின்ற குதிரை திடீரென்று மருந்துத் தவிட்டை ஒதுக்கினால் உடனே மணத்தை மாற்றக் கிளம்பாதீர்கள். தட்டைத் தின்றுகொண்டு தானியத்தை மட்டும் ஒதுக்குவது வயிற்றுப் புண்ணின் அறிகுறியாகக்கூட இருக்கலாம். இல்லையென்றால் பல். எங்கள் மட்டக்குதிரை போன மழைக்காலத்தில் கொள்ளை வாயில் போட்டு மென்று பாதியைக் கீழே துப்ப ஆரம்பித்தது, பொடியைப் பிடிக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் வந்து வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார், கடைவாய்ப்பல் ஓரம் கூராக வளர்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தது. அரம் போட்டு ராவிவிட்டுப் போனார். புண் ஆறியதும் அதே பொடியை அதே தவிட்டில் வைத்தோம், தின்றது. நல்ல குதிரைக்கு வருடம் ஒரு முறை, வயசானதுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.