மசி 240: ஒழுகுவது பம்ப்தானா?

எங்கள் மசி பேர்கசன் 240 டிராக்டர், மட்டக்களப்புப் படுவான்கரை வயல்களில் மாரி, கோடை இரண்டு வெள்ளாமைக்கும் உழுது, பெட்டி (டிரெய்லர்) இழுத்து, நெல் ஏற்றிப் பழகிய மெசின். எஞ்சினில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பேர்கின்ஸ் ஏ.டி.3.152, மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.5 லீற்றர். சேற்றில் மண் கிளறும் ரொட்டவேட்டரோடு இறக்கினாலும் மூச்சு வாங்காது. சாமானுக்கும் அலையத் தேவையில்லை, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எடுத்துவிடலாம். ஆனால் இந்த மெசின் வைத்திருக்கும் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் டிரைவரிடமிருந்து கேட்கும் சொல் ஒன்று இருக்கிறது: “அண்ணே, பம்படியில டீசல் ஒழுகுது.”

கேட்டதும், எஞ்சினுக்கு டீசலை அமுக்கி அனுப்பும் அந்தப் பம்பைக் கழற்றிக்கொண்டு, பம்ப் திருத்தும் பம்ப் ரூமுக்கு ஓட வேண்டாம். நான் கண்ட மட்டில், நனைந்திருப்பது பம்ப்தான், ஒழுகுவது பல நேரம் வேறெதுவோ. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நொசில்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் சின்னக் குழாய் மேலே இருக்கிறது. அதன் போல்ட்டுக்கு அடியில் உள்ள செப்பு வாஷர் ஒன்று தளர்ந்தால் போதும், டீசல் இரும்புக் குழாய் வழியே சத்தமில்லாமல் இறங்கி வந்து பம்பின் முதுகில் சேரும். பில்டரின் அடிக் கிண்ணத்து ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டாலும் இதே கதைதான். வயல் தூசி அதன்மேல் அப்பிக் கறுத்துப்போன பிறகு பார்த்தால், பம்ப் முழுக்கவே ஒழுகுகிற மாதிரித்தான் தெரியும்.

அதனால் முதல் வேலை கழுவுவது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும். சூடான பம்பில், அதுவும் எஞ்சின் ஓடும்போது, குளிர்ந்த தண்ணீரை அடித்தால் உள்ளே சுழலும் ரோட்டர் இறுகிப் பிடித்துவிடும். அவ்வளவு நெருக்கமான இடைவெளியில் ஓடுகிற சாமான் அது. மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிடுங்கள். அப்புறம் வீட்டில் இருக்கிற முகப்பவுடரை எடுத்துப் பம்பின்மேலும் குழாய் மூட்டுகளின்மேலும் மெல்லியதாகத் தூவிவிடுங்கள். எங்கள் டிரைவர் தம்பி “பம்புக்குக் கல்யாணமா?” என்று சிரித்தான். சிரிக்கட்டும். வெள்ளைப் பவுடரில் டீசல் பட்ட இடம் உடனே சாம்பல் நிறமாக மாறும், எங்கே தொடங்கி எங்கே வடிகிறது என்பது கோடு போட்டதுபோலத் தெரியும்.

இனி அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் டாங்கிப் பைப்பை மட்டும் திறந்து விடுங்கள். டாங்கி மேலே இருப்பதால் டீசல் தன் பாரத்திலேயே இறங்கும். இந்த நிலையிலேயே ஈரம் கண்டால் பில்டர், டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிப்ட் பம்ப், பம்புக்கு வரும் குழாயின் மூட்டு ஆகியவற்றில் தேடுங்கள். அங்கே காய்ந்திருந்தால் லிப்ட் பம்பின் கைநெம்பை அடித்துப் பாருங்கள். அதற்கும் ஒன்றும் இல்லாவிட்டால்தான் ஸ்டார்ட்.

எஞ்சின் ஓடும்போது நொசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களை வெறும் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. நொசில் திறக்கும் அமுக்கம் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேல். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைத் துவாரத்திலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள்ளுக் குத்தின அளவுதான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போகலாம். ஒரு கார்ட்போட் துண்டைப் பிடித்துப் பாருங்கள், அது நனையட்டும்.

எங்கள் மெசினில் கடைசியில் பிடிபட்டது பம்பின் மேல் மூடியில் உள்ள, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் நெம்பின் தண்டு. சும்மா ஓடும்போது காய்ந்தே இருந்தது. நெம்பை முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்ததும் தண்டைச் சுற்றி ஒரு பளபளப்பு வந்தது. அது மெல்ல ஒரு துளியாகத் திரண்டு, பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. உள்ளே இருக்கும் ஓரிங், அதாவது ரப்பர் வளையம், தேய்ந்துபோயிருந்தது. நாள் முழுக்க அசைகிற இடம், தூசியும் சேருகிற இடம், தேயாமல் என்ன செய்யும்?

இந்தப் பம்ப் சீ.ஏ.வி. கம்பெனியின் டி.பி.ஏ. வகை. இதற்கென்று தனி ஒயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசலே வழுக்கலும் கொடுக்கிறது. ஆகவே பம்பின் உடம்பு எந்நேரமும் டீசலால் நிறைந்திருக்கும். திராட்டில் தண்டு, நிறுத்தும் நெம்பின் தண்டு, மேல் மூடியின் கேஸ்கட், பின்பக்கத்து இரும்புத் தலைக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவில் உள்ள பெரிய ஓரிங், எல்லாமே ஒழுகக்கூடிய வாசல்கள். மேல் மூடியும் தண்டு ஓரிங்குகளும் பழகிய மெக்கானிக் வயல் வாடியிலேயே மாற்றக்கூடியவை. தலையின் ஓரிங் அப்படியில்லை. அதைக் கழற்றினால் திரும்பவும் பம்ப் ரூமில் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றித்தான் பூட்ட வேண்டும். ஒழுகுதே என்று தலையின் போல்ட்டுகளை ஸ்பனர் போட்டு முறுக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தலை கொஞ்சம் நெளிந்தாலும் ரோட்டர் பிடித்துவிடும், பிறகு ஓரிங் காசில் முடியவேண்டியது புதுத்தலைக் காசில் போய் நிற்கும்.

ஓரிங் வாங்கும்போது அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கடையில் பொதியாகக் கிடக்கும் கறுப்பு வளையம் சில டீசலில் ஊறி வீங்கிவிடுகிறது. விட்டன் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் டீசலுக்கும் சூட்டுக்கும் நன்றாகத் தாங்கும். செப்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சி ஆறவைத்தால் திரும்ப இளகும் என்று பழைய மெக்கானிக்மார் செய்வார்கள். உண்மைதான், திரும்பிவரும் குழாய்க்கு அது போதும். அமுக்கம் கூடிய குழாய்க்குப் புதியதைப் போடுங்கள்.

2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனதும், எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் கான்களில் கைமாறி வந்த டீசலில் என்னென்ன கலந்திருந்ததோ! மண்ணெண்ணெய் கலந்தால் வழுக்கல் குறையும், டீசலையே ஒயிலாக நம்பியிருக்கிற பம்புக்கு அது நல்லதல்ல. மாரியில் டாங்கிக்குள் இறங்கும் தண்ணீரும் அப்படித்தான். பில்டர் கிண்ணத்தின் அடியைத் திறந்து வடித்துவிடுவது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

வெளியே காய்ந்திருந்தும் டீசல் செலவு கூடுகிறதென்றால் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் கூடியிருந்து, விரலில் தண்ணீர்போல ஓடி, டீசல் மணமும் வந்தால் ஆபத்து. பம்பின் முன்தண்டு சீலோ லிப்ட் பம்பின் டயாபிரமோ போயிருக்கலாம், இரண்டிலும் டீசல் உள்ளே ஒயிலுக்குத்தான் இறங்கும். முதலில் லிப்ட் பம்பைக் கழற்றிப் பாருங்கள், அது மலிவு. எதுவானாலும் அந்த ஒயிலோடு மெசினை ஓட்டாதீர்கள், பேரிங்குகள் போய்விடும்.

எங்கள் பம்பில் இப்போது தலை ஓரிங் பக்கம் லேசாக ஈரம் காட்டத் தொடங்கியிருக்கிறது. சொட்டவில்லை, ஸ்டார்ட்டிங்கும் கெடவில்லை. மாரி விதைப்பு முடிந்ததும் கழற்றி பம்ப் ரூமுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். கழற்றும் முன் பம்பின் விளிம்புக்கும் எஞ்சின் உடம்புக்கும் குறுக்காக உளியால் ஒரு கோடு கீறிவிடச் சொல்லியிருக்கிறேன், திரும்பப் பூட்டும்போது டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) தேடித் திரியாமல் இருக்க.