‘பாரி லிண்டன்’ இசைத்தொகுப்பு: அந்தக் கனத்த மெட்டு யாருடையது?

1975இல் வந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அந்த மெதுவான, கனத்த இசையைத் தேடுகிறீர்களா? இந்தத் தொகுப்பை வாங்கிவிடுங்கள். அது ஹாண்டல் என்ற இசையமைப்பாளரின் சரபாந்த், அதாவது மெதுவான பழைய நடன இசை. ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்துக்கு எழுதிய டி மைனர் சூட்டில் (நடன இசைகளின் தொகுதி), ஹாண்டல் படைப்புப் பட்டியலின் எச்.டபிள்யூ.வி. 437இல் வருகிறது.

மூலத்தைக் கேட்டதும் ‘இது வேறு ஏதோ’ என்று தோன்றலாம். படத்துக்காக லியோனார்ட் ரோசன்மன் அதைத் தந்தி வாத்தியங்களுக்கும் டிம்பனி முரசுக்கும் மாற்றி அமைத்தார், ஆஸ்கரும் வாங்கினார். பாட்டைக் கண்டுபிடிக்கும் ஷஸாம் போன்ற செயலிகள் ஒலிப்பதிவைத்தான் ஒப்பிடும், மெட்டை அல்ல. அதனால் இங்கே தொகுப்பின் பாடல் பட்டியல்தான் நம்பகமான வழி.

என்னை உலுக்குவது துப்பாக்கிச் சண்டைக் காட்சிக்கான வடிவம். மெட்டு கிட்டத்தட்ட உதிர்ந்துபோய், முரசின் அடியும் கீழ்ஸ்தாயித் தந்திகளும் மட்டும் மிஞ்சுகின்றன. இரவில் ஹெட்போனில் கேளுங்கள், நெஞ்சு அடைக்கும்!

தொகுப்பில் பாக், விவால்டி இசையும் உண்டு. ராணுவ அணிவகுப்பு இசையை நான் தாண்டிவிடுவேன். அப்புறம், மனதை உருக்கும் அந்தப் பியானோ டிரியோவை (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான இசை) ஹாண்டல் காலத்துப் பரோக் பாணி என்று எண்ணிவிடாதீர்கள். அது ஷூபர்ட் 1827இல் எழுதியது. படத்தின் கதையோ 1789இலேயே முடிந்துவிடுகிறது.