வௌவால் ஆய்வை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது?

நவம்பர் பிறந்தால் மொரிசியஸின் போ பஸ்ஸேன் ஊர்ப் பக்கம் ராத்திரியில் தகரம் தட்டும் சத்தம் கேட்கும். லிச்சி சிவக்கிற காலம். கொல்லையில் ஒரு மரம் வைத்திருப்பவர்கூட இரண்டு முறை எழுந்து வௌவாலை விரட்டிவிட்டுத்தான் படுப்பார்.

சென்ற ஆண்டு எங்கள் சிறு குழுவுக்கு ஒரு வேலை வந்தது. பழந்தின்னி வௌவாலைப் பற்றி மொரிசியஸில் நடந்த ஆய்வுகளின் முடிவை மக்களிடம் கொண்டுபோக வேண்டும். முடிவு சிக்கலானதல்ல. வௌவாலைக் கொன்றால் பழம் மிஞ்சாது, மரத்துக்கு வலை கட்டினால் மிஞ்சும். 2015ல் அரசே 30,000 வௌவால்களுக்கு மேல் சுட்டுத் தள்ளியது, அடுத்த ஆண்டும் தொடர்ந்தது. அதனால் தோட்டக்காரர்களின் வருமானம் கூடவில்லை. 2018ல் இந்த இனம் அருகிவரும் உயிர்களின் பட்டியலில் இன்னும் ஆபத்தான படிக்கு ஏற்றப்பட்டதுதான் மிச்சம். இதை எந்த வழியாகச் சொல்வது என்பதில் குழுவுக்குள் நான்கு கட்சி. நான் எல்லா வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்தவன்.

பத்திரிகைக் கட்சி முதலில். பிரெஞ்சில் நல்ல அறிக்கை எழுதி, நிருபர்களை அழைத்து, ஆய்வாளரைப் பேச வைப்பது. மரியாதையான வழி, மறுநாள் படத்தோடு வரும். ஆனால் அதைப் படிப்பவர் யார்? வௌவாலுக்காக ஏற்கெனவே வருத்தப்படுகிறவர்கள். 2015க்கு முன்பும் விஞ்ஞானிகள் பத்திரிகையில் எழுதாமல் இல்லை. எழுதினார்கள், எதிர்த்தார்கள். அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்து துப்பாக்கிக்கு வழிவிட்டது. அமைச்சருக்கு ஆய்வறிக்கை ஒரு பக்கம், லிச்சி மரம் வைத்திருக்கும் வாக்காளர் இன்னொரு பக்கம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

இதற்கு நேர் எதிரான கதையும் இதே தீவில் உண்டு. எண்பதுகளில் இங்கே சர்க்கரை நோயும் மாரடைப்பும் கணக்கில்லாமல் ஏறின. 1987ல் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ரேஷன் எண்ணெயில் பெரும்பங்கு பாமாயில் என்று தெரிந்ததும் அரசு அதைச் சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992ல் திரும்ப அளந்தபோது மக்களின் ரத்தத்தில் சராசரி கொழுப்பு (கொலஸ்ட்ரால்) லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. உடற்பயிற்சி, உணவு என்று பிரசாரமும் கூடவே நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் விஷயத்தில் எந்தப் பாட்டியையும் யாரும் மனம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கடையில் இருந்த எண்ணெயே மாறிவிட்டது. ஒரே கையெழுத்தில் முடிகிற ஆய்வு என்றால் அமைச்சகத்தின் கதவைத் தட்டுவதை விடச் சிக்கனமான வழி கிடையாது. வௌவால் அப்படியில்லை. ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு அமைச்சர் உட்கார்ந்திருக்கிறார்.

இளைஞர் கட்சிக்கு வீடியோதான் எல்லாம். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் இரண்டு நிமிடம், முகநூல், வாட்ஸ்அப். வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 2020 ஆகஸ்டில், தீவருகே தரைதட்டிய வக்காஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது கரும்புச் சோகையைத் திணித்து மிதவைத் தடுப்பு செய்வது எப்படி என்ற செய்தி கைபேசி வழியாகவே ஊர் ஊராகப் போனது. கடற்கரைக்கு ஓடி வந்தவர்கள் பத்திரிகைக்குக் காத்திருக்கவில்லை. அதனால் வீடியோ வெல்லும் என்று நினைத்தோம். அங்கே மக்கள் ஏதாவது செய்யத் துடித்துக்கொண்டிருந்தார்கள், எப்படி என்று மட்டும்தான் தெரியவில்லை. இங்கே எங்கள் வீடியோவுக்குக் கீழே வந்த முதல் பத்து பதிலில் ஆறு, வௌவால் கறிக்கு என்ன மசாலா சேரும் என்பதைப் பற்றி.

இதே கட்சியில் ஒருவர், கேட்டதும் நெஞ்சு உருகுகிற கதை வேண்டும், வௌவால் இல்லாவிட்டால் காடே அழியும் என்று சொல்வோம் என்றார். நான் தடுத்தேன். வௌவால் நாட்டு மரங்களின் விதையைப் பரப்புவது உண்மை. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் நாட்டுக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதும் உண்மை. அதற்கு மேல் இழுத்தால் டோடோ கதையாகிவிடும். டோடோ பறவையின் வயிற்றில் போய் வந்தால்தான் தம்பலகோக் மரத்தின் விதை முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்று 1977ல் ஒரு கட்டுரை வந்தது. உலகமே அதைப் பாடப்புத்தகத்தில் ஏற்றியது. பிறகு வந்தவர்கள் அந்தக் கணக்கு நிற்காது என்று காட்டினார்கள். ஆனாலும் அழகான கதைதான் இன்றும் ஓடுகிறது, திருத்தம் அதன் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றும் ஒரு யோசனை. படம் வரையும் போட்டி, பரிசு. நல்லதுதான், செய்தோம். லிச்சி மரம் பிள்ளைகள் பெயரில் இல்லை.

அடுத்து என் சொந்தக் கட்சி. தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் துண்டறிக்கை அச்சடித்து, காவடி முடிந்து இலை போட்டு ஏழு கறி பரிமாறுகிற இடத்தில் கொடுத்தால் நம்மவர் படிப்பார்கள் என்று நம்பினேன். வாங்கியவர்கள் எழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கூட உண்டு. பிறகு மடித்துப் பையில் வைத்தார்கள். படித்தவர் மூன்று பேர் இருக்கலாம், அதில் ஒருவர் குருக்கள். 1998ல் இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்கு எதிர்ப்பு கிளம்பி, அச்சடித்த நோட்டையே திரும்பப் பெற வைத்த சமூகம் இது. தமிழ் இங்கே மானம். ஆனால் சந்தையில் விலை கேட்பதும் மரத்துக்கு என்ன உரம் என்று கேட்பதும் கிரியோலில். பத்து வருடம் இங்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது அச்சுக்கூலி கொடுத்த பிறகுதான் உறைத்தது.

கடைசி வழி, கொல்லைக்கே போவது. யாருக்கும் பிடிக்காத வழி. ஒரு நாளைக்கு மூன்று மரம்தான் பார்க்க முடியும், ஏணி தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த இலை போட்ட பந்தியில் என் அறிக்கையை வாங்கிய ஒரு அம்மா வீட்டுக்குத்தான் முதலில் போனோம். நான் ஆய்வைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் மரத்தைக் காட்டினார்.

"தம்பி, வலை வலைன்னு சொல்றீங்க. இந்த மரத்த அண்ணாந்து பாருங்க. எந்த வலை எட்டும்?"

எட்டாதுதான். மாடி உயரத்தைத் தாண்டிய மரம், அவருடைய மாமனார் நட்டது. வலையைத் தொளதொளவென்று மேலே எறிந்தால் வௌவால் சிக்கிச் சாகும், பழமும் தப்பாது. இழுத்துக் கட்டச் சுற்றிலும் சட்டகம் வேண்டும், சட்டகம் நிற்க மரம் குட்டையாக வேண்டும். அரசு மானியத்தில் வலை கிடைக்கிறது, அந்த அம்மாவுக்குத் தெரியும். மரத்தைக் குட்டையாக்குவது பற்றி அவரிடம் ஒருவரும் பேசியதில்லை. எங்கள் அறிக்கையிலும் இல்லை, வீடியோவிலும் இல்லை.

கீழே உதிர்ந்த பழங்களை அவரே பொறுக்கி வந்து வரிசையாக வைத்தார். சக்கையாக மென்று துப்பியது வௌவால். சின்னத் துளையாகக் கொத்தியது கொண்டை வைத்த சின்னான் குருவி. முழுசாக வெடித்துக் கிடந்தது காற்றும் மழையும் தள்ளியது. எண்ணிப் பார்த்தால் பாதிதான் வௌவால் கணக்கில் வந்தது. இதை நான் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அவரே எண்ணினார்.

அதனால் பணம் எனக்குக் கிடைத்தால் பத்திரிகைக்கு ஒரு பங்கு கொடுப்பேன், அமைச்சகம் படிக்கும் என்பதற்காக மட்டும். வீடியோ எடுப்பேன், ஆனால் மரத்தை வெட்டிக் குட்டையாக்குவது எப்படி, எட்டுகிற கொத்துக்குப் பை கட்டுவது எப்படி என்று கையை மட்டும் காட்டி. மீதியெல்லாம் ஏணிக்கு.

அந்த அம்மா அறுவடை முடிந்ததும் உச்சிக் கிளைகளை இறக்கச் சம்மதித்தார். வெட்டுகிற நாளில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, எங்கள் மரத்தையும் பாருங்கள் என்றார். ஏணி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.