ஜிம்னிக்கு வெளியில வாங்கற அலாய் வீல்: டிசைன் அப்புறம், முதல்ல ஈடி (ஆஃப்செட்)

மாருதி ஜிம்னி ஜீட்டா எடுத்துட்டேன்டா, ஸ்டீல் ரிம்மு பாக்க நல்லால்ல, நீ போட்ட அலாயே நானும் போட்டுக்கட்டுமான்னு கடலூர்லேர்ந்து மச்சான் கேட்டான். போன்ல சொன்னா பாதியில கட் பண்ணுவான், அதான் எழுதறேன்.

அஞ்சு நட்டு, நட்டு ஓட்டைங்க நிக்கற வட்டம் (பிசிடி) 139.7 எம்எம், நடு ஓட்டை 108 எம்எம், இதெல்லாம் கடைக்காரனே பாத்துக் குடுத்துடுவான். அவன் வாயத் தொறக்காதது ஈடி, அதாவது ஆஃப்செட்: ரிம்மு கார்ல ஒட்டற முகம் ரிம்மோட நடுக்கோட்டுலேர்ந்து எத்தன எம்எம் வெளிப்பக்கம் இருக்குங்கற கணக்கு, அது கொறஞ்சா சக்கரம் வெளிய தள்ளும். கம்பெனி ரிம் அகலம் 5.5 இன்ச், ஈடி 5. நான் போட்டது 7 இன்ச், ஈடி ஜீரோ, 215/75 டயர். அகலம் கூடினதுல பாதி 19 எம்எம், ஈடி கொறஞ்சது 5, ஆக 24 எம்எம் வெளிய தள்ளி நிக்குது. கடை வாசல்ல பாக்க செம கெத்து. ஐப்பசி மழையில ஆரோவில் பக்கம் செம்மண் ரோட்ல போனப்பதான் தெரிஞ்சுது, கதவு, கைப்பிடி, சைடு மிரர் வரைக்கும் ஒரே சேறு, அம்மா எறங்கும்போது புடவையெல்லாம் செவப்பு, திட்டு எனக்கு. வெயில் காலத்துல சேறு இல்ல, பொடிக் கல்லு பறந்து பெயிண்ட்ல புள்ளி வைக்குது. மட் ஃபிளாப் போட்டேன், கொஞ்சம் கொறஞ்சுது, அவ்ளோதான். பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்கினா ஸ்டீயரிங் முன்னவிட அதிகமாவே கையில உதைக்குது. இவ்ளோ காசு குடுத்து வாரா வாரம் கதவு தொடைக்கறேன்!

சரி, நல்லதும் சொல்லணும். மொத்தமும் மேட் பிளாக் பெயிண்ட், நம்ம உப்புக் காத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு கொப்புளம் இல்ல. எதிர் வீட்டு கார்ல முகத்த மெஷின்ல சீவின பளபளா அலாய், கல்லு பட்ட எடத்துல மேல அடிச்ச லாக்கர் கோட்டிங் விட்டுப்போயி உள்ள புழு ஊர்ந்த மாதிரி வெள்ளையா அரிச்சிக்கிட்டு ஓடுது. சில்வர் பீச் பக்கத்துல வீட்ட வச்சிக்கிட்டு நீ அத வாங்காத. பின்பக்கம் ஜேடபிள்யூஎல் (ஜப்பான்காரனோட அலாய் வீல் தர) முத்திரையும் எத்தன கிலோ தாங்கும்னும் வார்ப்புலயே இருக்கணும், ஸ்டிக்கர்ல இருந்தா கடைய விட்டு வந்துடு.

6 இன்ச், ஈடி 5 கிட்ட கெடச்சா கண்ண மூடிட்டு வாங்கு. என்னுத கழட்டி வித்துடலாம்னு ஒவ்வொரு மழைக்கும் தோணுது, ஆனா பின்னாடி நின்னு பாத்தா மனசு வரல, விக்க மாட்டேன். நீ கழட்டற ஸ்டீல் ரிம்ம மட்டும் எடைக்குப் போட்டுடாத, என் ஸ்டீல் ரிம்ம அப்பவே வித்துட்டேன், மழை மாசத்துக்கு நான் வந்து வாங்கிக்கறேன்.