சைகோனில் மூன்றேகால் வருஷம்: ஒரு திருப்பூர்க்காரனின் கணக்கு

2022 நவம்பரில் வியட்நாமின் சைகோனில் வந்து இறங்கியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. திருப்பூரில் பதினோரு வருஷம் நடத்திய செக்கிங், அயனிங் யூனிட்டை, அந்த வருஷம் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் மூடவேண்டியதாயிற்று. ஜாப் ஒர்க் கொடுத்தவர்களே ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த மெர்ச்சண்டைசர் ஒருவர் பிடித்துக் கொடுத்த வேலை இது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீசுக்காக இங்கே பனியன் ஃபேக்டரிகளில் க்யூசி, அதாவது தரச் சோதனை, பார்க்க வேண்டும். மனைவியும் மகளும் ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். "அங்க எப்படி இருக்கு, வரலாமா?" என்று மாதம் இரண்டு பேராவது கேட்கிறார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

1976இலிருந்து ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் ஹோ சி மின் நகரம். பேச்சில் சைகோன்தான். இதே போல இன்னொன்று: 2025 ஜூலையில் நாடு முழுக்க மாகாணங்களை 63இலிருந்து 34ஆகக் குறைத்து, 'குவான்' என்கிற நகர வட்டங்களையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து மாகாணமான பின் துவோங் நகரத்தோடு சேர்ந்தது. நான் போகும் ஃபேக்டரி ஓர் அடிகூட நகராமல் சைகோனுக்குள் வந்துவிட்டது. டாக்சிக்காரரிடம் இன்றும் பழைய வட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறேன். அவருக்கும் அதுதான் புரிகிறது.

முதலில் வீடு. நான் அடிபட்டது இங்கேதான். தரகர் மூலம் எடுத்த முதல் அறைக்கு இரண்டு மாத வாடகை அட்வான்ஸ் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரர் தங்கினால் வீட்டுக்காரர் போலீசில் தற்காலிகத் தங்கல் பதிவு செய்தாக வேண்டும். அந்த வீட்டில் செய்யவே இல்லை. விசா வேலைக்கு அந்தத் தாளைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காலி செய்தேன், அட்வான்ஸ் வரவில்லை. கரண்ட் பில்லும் யூனிட்டுக்கு 4,000 டாங் என்று அவர்களாக வைத்த விலை. சுமார் 300 டாங் நம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அறையைப் பார்க்கும்போதே முதலில் கேட்க வேண்டியது பதிவு செய்து தருவார்களா என்பது. ஏசி, ஜன்னலெல்லாம் அப்புறம். இன்னொன்று, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே டிகிரி சான்றிதழை நம் வெளியுறவுத் துறையிலும் டெல்லியில் உள்ள வியட்நாம் தூதரகத்திலும் அட்டெஸ்ட் வாங்கிவிடுங்கள். ஒர்க் பெர்மிட் அதில்தான் நிற்கும். இங்கே வந்தபிறகு அதற்காக ஆள் தேடியவர்கள் பட்டபாடு எனக்குத் தெரியும்.

இப்போது இருப்பது பின் தான் பகுதியில், பா சியூ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்கு இங்கே 'ஹெம்' என்று பெயர். வீட்டு எண்ணைப் பார்த்தால் வாய்ப்பாடு மாதிரி இருக்கும்: ஒரு எண், ஒரு கோடு, இன்னொரு எண், மறுபடி ஒரு கோடு. மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்து, அதற்குள் எந்தச் சந்து, அதில் எத்தனையாவது வீடு என்பதை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். புரிந்துவிட்டால் ஊரில் இதைவிடத் தெளிவான விலாசம் கிடையாது. மாடியில் ஓர் அறை, மாதம் 65 லட்சம் டாங். கீழே வீட்டுக்கார அம்மாவும் மகளும்.

பணத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை: இருபதாயிரம் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் நோட்டும் நீலம். முதல் வாரத்திலேயே இருட்டில் ஒன்றுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை. பேங்க் கணக்கு திறந்தபிறகு எல்லாம் க்யூஆர்தான், நம்ம யூபிஐ போலவே. இளநீர்க்காரர் வண்டியிலும் அட்டை தொங்குகிறது.

சாலையைக் கடப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஓடாமல், நிற்காமல், ஒரே வேகத்தில் நடந்தால் வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். அவ்வளவுதான். மழைதான் பெரிய தொல்லை. மே முதல் நவம்பர் வரை சாயங்காலம் கொட்டும். அக்டோபர், நவம்பரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆற்று நீர் ஏறினால், மழையே இல்லாத நாளிலும் சில தெருக்களில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றித்தான் பயந்து வந்தேன். மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டில் வளர்ந்தவன். ரொட்டிக்குள் வெண்ணெய் வைத்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டு, முதல் மாதம் தள்ளுவண்டியில் 'பான் மீ' கேட்டேன். வெண்ணெய்க்கு 'பெ' என்பதற்கும் 'பொ' என்பதற்கும் நடுவே ஓர் ஓசை. மாட்டிறைச்சிக்கு 'பொ' என்று கீழே இறங்கும் ஓசை. என் தமிழ் வாய்க்கு வந்தது 'போ'. கடைக்காரர் நல்ல மனசோடு கறியை அள்ளி வைத்துக் கட்டிக் கொடுத்தார். வாசனையில் சந்தேகம் வந்ததால் தப்பித்தேன். இன்று வரை வெண்ணெயைக் கை காட்டித்தான் கேட்கிறேன்.

ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சைவத்துக்கு 'சாய்' என்று சொல்கிறார்கள். பலகையில் அந்தச் சொல் இருந்தால் தைரியமாக உள்ளே போகலாம். சந்திர மாதத்தின் முதல் தேதியிலும் பதினைந்திலும் இங்கே நிறையப் பேர் சைவம், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு. அன்றைக்கு நான் சாப்பிடும் சாய் கடையில் உட்கார இடம் கிடைக்காது. மற்ற கடைகளில் வெறும் கீரைப் பொரியல் என்று தட்டில் வைப்பதிலும் மீன் சாறு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. 'கான் சுவா' என்று ஒரு புளிக்குழம்பு உண்டு. புளி, தக்காளி, வெண்டைக்காய், அன்னாசி போட்டு மீனோடு செய்வார்கள். பருவத்தில் அகத்திப் பூவும் போடுவார்கள். சைவக் கடையில் மீனுக்குப் பதில் டோஃபு. முதல் தடவை சாப்பிட்டபோது ஒரு வாய்க்கு மேல் பேசவில்லை. சந்தையில் முருங்கைக்கீரை, வாழைப்பூ கிடைக்கும். கறிவேப்பிலைக்கும் உளுந்துக்கும்தான் இந்தியக் கடையைத் தேட வேண்டும். காபி சொட்டுச் சொட்டாக ஃபில்டரில் இறங்குவதைப் பார்த்து நம்ம ஊர்க் காபி என்று ஏமாறாதீர்கள். அது ரொபஸ்டா, கீழே கண்டென்ஸ்டு மில்க், மேலே ஐஸ். மாலை நாலு மணிக்கு மேல் குடித்தால் ராத்திரி தூக்கம் போச்சு.

தூக்கம் என்றதும் ஃபேக்டரி ஞாபகம் வருகிறது. மதியம் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஓவர்லாக் மெஷினுக்குக் கீழே கார்ட்டன் அட்டையை விரித்து லைன் முழுக்கப் படுத்திருக்கும். மேனேஜரும் நாற்காலியைச் சாய்த்துவிடுவார். வந்த மூன்றாவது வாரம், பன்னிரண்டரை மணிக்கு ஒரு பீஸில் கறை இருப்பதைக் காட்ட ஒரு செக்கிங் பெண்ணை எழுப்பிவிட்டேன். அந்த இருட்டில் எத்தனை கண்கள் என்னைப் பார்த்தன என்று சொல்ல முடியாது. இப்போது என் மேஜைக்குக் கீழும் ஒரு பாய் இருக்கிறது. இரண்டு மணிக்குக் கண் சொக்கச் சொக்க வேலை வாங்கிய முதலாளிகளில் நானும் ஒருவன் என்பது அதில் படுக்கும்போது நினைவுக்கு வரும்.

மொழி இன்னும் வசப்படவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறவுமுறை சட்டென்று பிடிபட்டது. 'நீ', 'நான்' என்பதற்குப் பதிலாக அண்ணன், தம்பி, அக்கா, சித்தப்பா என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் பார்த்ததும் வயதைக் கேட்கிறார்கள், வம்புக்காக அல்ல. வீட்டுக்கார அம்மாவின் மகள் என்னை 'சூ ஹாய்' என்கிறாள். சூ என்றால் சித்தப்பா, ஹாய் என்றால் இரண்டு. "நான் எங்க வீட்டில் மூத்தவன்" என்று திருத்தப் பார்த்தேன். அதனால்தானாம்! தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளை இரண்டிலிருந்துதான் ஆரம்பம். காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ட்ரூங் தின் தெருவில், நம் ஆட்கள் அந்தக் காலத்தில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை முடிந்தால் போவேன். தமிழ்ப் பேச்சு காதில் விழுவது அபூர்வம். வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். கையில் ஊதுபத்திக் கட்டோடு வந்து, கருவறைக்குப் பின்னால் கற்சுவரில் நெற்றியை ஒட்டி, முணுமுணுவென்று அம்மனிடம் ஏதோ சொல்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அவளுக்குப் புரியும்போல.

இங்கே நான் செய்த பெரிய தப்பு பா சியூ சந்தையில். காலை ஆறு மணி, மங்குஸ்தான் விலை கேட்டு, குறைத்துக் கேட்டு, வாங்காமல் நகர்ந்தேன். பின்னால் ஏதோ கருகும் வாசனை. திரும்பினால், அந்தக் கடைக்கார அம்மா ஒரு தாளைக் கொளுத்திக் கூடைகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறார். முதல் போணியைக் கெடுத்தவன் நான். அந்தத் தோஷத்தைக் கழிக்கிறார். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்ட விலைக்கு இரண்டு கிலோ வாங்கினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

டெட் புத்தாண்டு விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி வேலை செய்யவில்லை. 2023இல் ஜனவரி 22ஆம் தேதி டெட். ஊரே காலி, கடையெல்லாம் மூடல், நாலு நாளாக நூடுல்ஸ். காலையில் கேசரி கிண்டி, டப்பாவோடு ஆறரை மணிக்குக் கீழே போனேன். வீட்டுக்கார அம்மாவின் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டி, வராதே வராதே என்கிறாள். அவமானமாக இருந்தது. மாடிக்கு ஏறிவந்து கேசரியை நானே தின்றேன். சாயங்காலம்தான் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: புது வருஷத்தில் வாசலை முதலில் மிதிக்கிறவரின் ராசிதான் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு. அதனால் வயது பொருந்துகிற ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்து வரவழைப்பார்களாம்.

இந்த வருஷம் டெட் 2026 பிப்ரவரி 17. ஒரு வாரம் முன்பே வீட்டுக்கார அம்மா என் பிறந்த வருஷத்தைக் கேட்டு, விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்து உதட்டைப் பிதுக்கினார். வருஷத்துக்கு ஒரு மிருகம் என்கிற இவர்கள் கணக்கில் 1976 டிராகன் வருஷம், அவர் வயதோடு இன்னமும் சேரவில்லை. "தம்பி மகன் காலையில் வந்துடுவான், நீ ஒன்பது மணிக்கு மேல வா" என்றார். போனபோது, பன்றிக்கறி வைக்காமல் வாழைப்பழம் வைத்து இலையில் கட்டி அவித்த ஒட்டரிசிப் பலகாரமான 'பான் டெட்' ஒன்று தனியாக, மேலே சிவப்பு நூல் கட்டி, மேஜையில் இருந்தது.